எழுவான் பக்கம் போவன

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்மேடே மட்டக்களப்பின் எழுவான்கரை. ஒருபுறம் வங்காள விரிகுடா. மறுபுறம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர். இவ்விரு உப்புநீர்களுக்கும் இடையே சில முழம் தோண்டியதும் நன்னீர் ஊறுகிறது. முன்னோர் இதனைக் கடவுளின் கொடை என்றனர். நீரியலார் தரும் விளக்கம் வேறு. மாரிமழை மணலில் இறங்கி, தன்னிலும் கனமான உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப் போல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. பெருஞ்செல்வந்தான்; ஆனால் மிக மெல்லிய செல்வம்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து அந்த வில்லையின்மேல் நடந்தது. கல்லடி முதலான ஊர்களின் கிணறுகள் கடல்நீரால் நிரம்பின. கடல்நீரின் ஒரு லீற்றரில் 19 கிராம் அளவில் குளோரைட்டு உண்டு. குடிநீரில் 250 மில்லிகிராமைத் தாண்டினாலே நாக்கு அதனைக் கண்டுகொள்ளும். உயிர் தப்பியோர் குடிக்க நீரின்றி நின்றனர். உதவிக்கு வந்தோரும் ஊரவரும் சேர்ந்து கிணறுகளை இறைத்தனர். திரும்பத் திரும்ப இறைத்தனர். பின்னர் அக்கிணறுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது கசப்பான உண்மை. அளவுமீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்புநீர் மேலே இழுபட்டு வந்ததே மிச்சம். கிணறுகளைத் திருத்தியது பம்பு அன்று, அடுத்து வந்த மாரிமழை.

குளோரைட்டை மட்டும் தேர்ந்து தன்னுள்ளே அடைத்துக்கொள்ளும் மூலக்கூற்றை மனிதன் ஆக்கி அன்றைக்கு 36 ஆண்டுகள் சென்றிருந்தன. அந்த இரசாயனம் ஏன் நம் கிணற்றடிக்கு வரவில்லை? வறுமை என்ற ஒரு சொல்லில் விடை அடங்கிவிடும் என்று நாமும் முதலில் நினைத்தோம். வரலாற்றைப் புரட்டியபோது அது அத்துணை எளிதாக இருக்கவில்லை.

உப்பை நீரில் இட்டால் அது இரண்டாகப் பிரிகிறது. நேர் ஏற்றம் கொண்ட சோடியம் ஒன்று. மறை ஏற்றம் கொண்ட குளோரைட்டு மற்றது. முன்னதைக் கற்றயன் என்றும் பின்னதை அன்னயன் என்றும் நம் பாடநூல்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டார் எதிர்மின் அயனி என்பர். இப்பெயர்கள் எவ்வாறு பிறந்தன என்பதை வகுப்பறையில் யாரும் சொல்வதில்லை. 1834இல் இலண்டனில் மைக்கல் பரடே மின்பகுப்பு ஆராய்ச்சியை எழுதியபோது, கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் ஹியூவெலிடம் பெயர் கேட்டார். கிரேக்க மொழியில் மேலெழும் வழி, கீழிறங்கும் வழி என்று பொருள்படும் இரு சொற்கள் மின்வாய்களுக்கு அமைந்தன. ஞாயிறு எழும் திசையையும் விழும் திசையையும் பரடே மனத்திற் கொண்டிருந்தார். ஆகவே அனோட்டு என்பது எழுவான், கதோட்டு என்பது படுவான். எழுவான் வாயை நோக்கிப் போவது அன்னயன். படுவான் வாயை நோக்கிப் போவது கற்றயன்.

வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் தலைமுறை தலைமுறையாக வழங்கும் மண்ணில், இப்பெயர்களை ஒரு குழந்தைகூட விளங்கிக்கொள்ளும். கொல்லன் மகனாய்ப் பிறந்து புத்தகம் கட்டும் தொழில் பயின்ற பரடேயின் சிந்தனையும் நம் வள்ளக்காரரின் திசைக்குறிப்பும் ஒரே ஞாயிற்றைப் பார்த்துப் பிறந்தவை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளை நாம் யாழ் நூலுக்காகப் போற்றுகிறோம். அவர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றவர், விஞ்ஞான ஆசிரியராய்ப் பணியாற்றியவர், 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் என்பதைப் பேசுவோர் குறைவு. துறவியின் படத்துக்கு மாலையிடும் விழாக்களில் இரசாயன ஆசிரியருக்கும் ஒரு மலர் வைத்தால் என்ன?

நிற்க. கற்றயனைப் பிடிக்கும் கலையே முதலில் வளர்ந்தது. 1967இல் அமெரிக்காவின் டியூபொண்ட் கம்பனியில் வேலைசெய்த சார்ள்சு பெடர்சன் வளைய வடிவான ஒருவகைச் சேர்வைகளை வெளியிட்டார். கிரீடம் போன்ற அவ்வளையம் பொற்றாசியத்தைத் தன் நடுவே இருத்திக்கொண்டது. அவர் தேடியது அதுவன்று. வனேடியத்தைக் கட்டும் ஒரு பொருளையே தேடினார். கலத்தில் கிடந்த சிறு அழுக்கைக் கொட்டிவிடாமல் அது என்ன என்று பார்த்ததால் கிரீடம் கிடைத்தது. கொரியாவில் பிறந்தவர், தாய் யப்பானியர், கலாநிதிப் பட்டம் பெறாதவர். 1987இல், தம் 83ஆம் வயதில், பிரான்சின் ஜோன்மரி லென்னோடும் அமெரிக்கரான டொனால்ட் கிராமோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அன்னயன் வேட்டை தொடங்கியதும் அதே கம்பனியில்தான். 1968இல் பார்க், சிம்மன்சு என்னும் இருவர் கூண்டு வடிவான மூலக்கூறு ஒன்றைச் செய்தனர். கூண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு நைதரசன் அணு. அமிலத்தில் இட்டால் இரு நைதரசனும் ஒவ்வோர் ஐதரசனை ஏற்று நேர் ஏற்றம் பெறுகின்றன; ஏற்றவை இரண்டும் கூண்டின் உட்புறம் நோக்கித் திரும்பி, நடுவில் வந்த குளோரைட்டை இருபுறமும் பற்றிக்கொள்கின்றன. விழுங்குதல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். விழுங்கியது உண்மையே என்பதைப் பளிங்கின் எக்சு கதிர்ப் படம் 1975இல் காட்டியது. அடுத்த ஆண்டு லென்னின் ஆய்வுகூடம் இன்னும் சிறந்த கூண்டொன்றை ஆக்கியது.

அதன்பின் வேகம் குன்றியது. கற்றயனைப் பிடிக்கும் சேர்வைகள் நூற்றுக்கணக்கிற் பெருகிய காலத்தில் அன்னயனுக்கு ஆள் குறைவு. இதற்குக் காரணம் சோம்பலன்று. அன்னயன் பிடிகொடாத பொருள். முதலாவதாக, அது பெரிது. இலத்திரனை மேலதிகமாகச் சுமப்பதால் உடல் பருத்து, ஏற்றம் பரந்து, இழுக்கும் வலு குன்றிப்போகிறது. கற்றயன்களிற் பல வெறும் உருண்டைகள். அன்னயன்களுக்கோ ஆளுக்கோர் உருவம்: குளோரைட்டு உருண்டை, நைத்திரேற்று தட்டையான முக்கோணம், சல்பேற்றும் பொசுபேற்றும் நான்முகிகள். கரைசலில் அமிலம் சற்று மிகுந்தால் பொசுபேற்று தன் ஏற்றத்தையே மாற்றிக்கொள்ளும். எல்லாவற்றிலும் பெரிய தடை நீர். புளோரைட்டும் பொற்றாசியமும் பருமனில் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் பொற்றாசியத்தைப் பற்றுவதிலும் ஒன்றரை மடங்கு இறுக்கமாக நீர் புளோரைட்டைப் பற்றிக்கொள்கிறது. ஆயிரம் கைகளால் அணைத்திருக்கும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது போன்றது இவ்வேலை.

மறந்துபோன இரு பொருள்கள் இவ்விடத்தில் கதைக்குள் வருகின்றன. 1886இல் செர்மனியில் அடொல்ப் பொன் பேயர், பிரோல் என்னும் திரவத்தை அசற்றோனுடன் அமிலத்தில் கலந்து ஒரு வெண்பளிங்கைப் பெற்றார். நான்கு பிரோல்கள் கைகோத்த வளையம் அது. அதனால் என்ன பயன் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குப் பின் வந்தோருக்கும் தெரியாது. 110 ஆண்டுகள் அது நூலகத்தில் தூங்கியது. 1996இல் அமெரிக்காவின் தெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் செசுலரும் பிலிப் கேலும் அவர்தம் தோழரும் அதே வளையத்தை எடுத்து, புளோரைட்டும் குளோரைட்டும் கலந்த கரைசலில் இட்டுப் பார்த்தனர். நான்கு பிரோல்களும் தம் நைதரசனிலுள்ள ஐதரசன்களை ஒரே பக்கமாய் நீட்டி அன்னயனை ஏந்திக்கொண்டன; அதிலும் புளோரைட்டையே பெரிதும் விரும்பின. வாங்கும் பொருள்கள் மலிவு, செய்முறையும் எளிது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதனிடம் யாரும் இக்கேள்வியைக் கேட்கவில்லை என்பதே விடயம்.

மற்றது நீலநிறப் பொருள். 1960களில் ஆர்வர்டில் ரொபர்ட் வுட்வார்டின் குழு விற்றமின் பி12ஐ ஆக்க முயன்றபோது தற்செயலாகத் தோன்றியது. நீலமணியின் பெயரால் சபைரின் எனப்பட்டது. ஈமோகுளோபினின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான வளையத்தில் பிரோல்கள் நான்கு, இதில் ஐந்து. இடம் சற்று அகன்றது. 1990இல் செசுலரின் குழு வேறோர் உப்பாக இதனைப் பளிங்காக்க முயன்று எக்சு கதிர்ப் படம் எடுத்தபோது, வளையத்தின் நடுவே அழையா விருந்தாளியாகப் புளோரைட்டு வீற்றிருந்தது. இந்தியாவில் கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் டி. கே. சந்திரசேகரின் குழு 1990களில் இக்குடும்பத்தைச் சேர்ந்த அகன்ற வளையங்களை ஆக்கி, அவை அன்னயன்களைப் பற்றும் திறனை ஆராய்ந்தது. 1876இல் மகேந்திரலால் சர்க்கார் மக்களிடம் நன்கொடை திரட்டி நிறுவியதும், சி. வி. இராமன் தம் புகழ்பெற்ற ஒளிச்சிதறலைக் கண்டதுமான கல்கத்தா விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் பிரதியுத் கோசின் குழு இத்துறையிற் பெயர்பெற்றது. ஆகவே இது வெள்ளையரின் தனிச்சொத்து என்று எண்ணுவதற்கு இடமில்லை.

மனிதர் திணறிய வேலையைப் பற்றீரியாக்கள் எத்தனையோ காலமாய்ச் செய்துவருகின்றன. சல்பேற்றும் பொசுபேற்றும் உருவத்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆயினும் பற்றீரியாவின் ஒரு புரதம் பொசுபேற்றை மட்டும் ஏற்கிறது. இன்னொன்று சல்பேற்றை மட்டும் ஏற்கிறது. ஒன்றை விட்டு மற்றதைத் தேர்வதில் இலட்சத்துக்கு ஒன்று என்னும் அளவுக்குக் கண்டிப்பு. பிலிப்பைன்சிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய புளோரந்தே கியோச்சோ 1985 முதல் இப்புரதங்களின் எக்சு கதிர்ப் படங்களை வெளியிட்டு இரகசியத்தை அவிழ்த்தார். சல்பேற்றை ஏழு ஐதரசன் பிணைப்புகள் பிடித்திருந்தன. நேர் ஏற்றம் கொண்ட எந்தக் கையும் அதனைத் தொடவில்லை. பொசுபேற்றின் கூட்டுக்குள்ளோ பன்னிரண்டு பிணைப்புகள். அவற்றுள் ஒன்று பொசுபேற்றின் ஐதரசனை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் கை. பொசுபேற்றிடம் கொடுக்க ஐதரசன் உண்டு, சல்பேற்றிடம் இல்லை. வாசலில் நிற்பவனைப் பெயர் கேட்டு உள்ளே விடும் காவலன் அந்தக் கை. அன்னயனைப் பிடிக்க வலுமட்டும் போதாது. சரியான இடத்தில் சரியான பிணைப்பு, நீர் புகாத உட்குழி, இவை வேண்டும் என்பதை இரசாயனர் இதிலிருந்து கற்றனர்.

கற்றதன் உச்சத்தை 2019இல் கண்டோம். அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் யுன் லியூவும் அமர் பிளட்டும் அவர்தம் தோழரும் ஆக்கிய கூண்டு, நைதரசன் தாங்கும் ஐதரசன்களை விட்டு, காபன் தாங்கும் வலுக்குன்றிய ஐதரசன்களையே சுற்றிவர அடுக்கியது. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் நோஞ்சான் பிணைப்பு. ஒரே புள்ளியை நோக்கி ஒருங்கு திரண்டபோதோ, அதுவரை ஆக்கப்பட்ட ஏற்றமற்ற மூலக்கூறு எதுவும் எட்டாத பலத்தோடு குளோரைட்டைப் பிடித்தன. நீரிலிருந்து குளோரைட்டைப் பிரித்து எண்ணெய் போன்ற கரைப்பானுக்குள் இழுத்துச் செல்லவும் அதனால் முடிந்தது. வலுக்குன்றியோர் ஒன்றுகூடி அடையும் வலிமையைப் பற்றி இந்த ஏட்டில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். இரசாயனத்திலிருந்து சான்று வரும் என்று எதிர்பார்த்ததில்லை.

இத்தனை திறமையும் யாருக்குப் பயன்பட்டது? அமெரிக்காவின் அணுக்கழிவுத் தொட்டிகளிலுள்ள சல்பேற்று, கழிவைக் கண்ணாடியாக உருக்கி அடைப்பதற்குத் தடையாக நிற்கிறது. அதனைப் பிரித்தெடுக்கும் மூலக்கூறுகளுக்காக ஓக் ரிட்சு தேசிய ஆய்வுகூடம் நீண்ட காலம் உழைத்தது. சரின் என்னும் நச்சுவாயு நீர்பட்டுச் சிதையும்போது புளோரைட்டு வெளிவரும். ஆகவே புளோரைட்டைக் கண்டதும் நிறம்மாறும் மூலக்கூறுகளில் படைத்துறையினருக்கு அக்கறை உண்டு. அணுகுண்டின் எச்சத்தையும் நச்சுவாயுவின் வருகையையும் அறியும் வேலை வேண்டாததன்று. அவற்றைச் செய்தோரே அவற்றுக்குக் காவலும் தேடவேண்டியிருக்கிறது என்பதுதான் நம் காலத்தின் விந்தை.

இனி ஏழையின் புளோரைட்டுக் கணக்கைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில், சிறப்பாக நெல்லூர்ப் பகுதியில், கிணற்று நீரிலுள்ள புளோரைட்டால் பற்கள் கறைபட்டு, முதுகெலும்பு கட்டையாகி, குனியவும் நிமிரவும் முடியாத மனிதரைப் பற்றிய அறிக்கை 1937இல் வெளிவந்தது. கிண்டியிலுள்ள கிங் நிலையத்தின் ஷோர்ட்டும் சி. ஜி. பண்டிட்டும் எழுதியவர்களுள் அடங்குவர். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சி. பி. திசாநாயக்க, வீரசூரியவுடன் சேர்ந்து நாடு முழுவதன் நிலத்தடிநீரையும் ஆராய்ந்து 1985இல் வரைபடத் தொகுதியொன்றை வெளியிட்டார். உலர் வலயத்தின் கடும்பாறைக் கிணறுகளில் புளோரைட்டு மிகுந்திருப்பது அதனால் ஐயமின்றித் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கிறது. வெயிலில் உழைத்து நீர் மிகுதியாகக் குடிக்கும் மக்களைக் கொண்ட நம் நாட்டின் நியமம் 1.0 மில்லிகிராம்.

இம்மக்களுக்குக் கிடைத்த பரிகாரங்கள் மூன்று. எரித்த எலும்புக் கரி. அதனைப் பலர் சமய உணர்வால் ஏற்கவில்லை. நாகபுரியிலிருந்து 1975இல் வெளிவந்த நல்கொண்டா முறை. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கித் தெளியவிடுதல். இலங்கையில் பத்மசிரியும் திசாநாயக்கவும் பரப்பிய செங்கல் வடிகலம். சுட்ட செங்கல்லை உடைத்து நிரப்பிய குழாயினூடே நீரை ஏற்றி எடுத்தல். நாம் செங்கல்லை இகழவில்லை. அது கிராமத்தில் கிடைப்பது. பெண்கள் தாமே நிரப்பக் கூடியது. எந்தக் கம்பனிக்கும் உரிமைப் பணம் கட்ட வேண்டாதது. ஆனால் செங்கல்லுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. எப்போது களைத்துப்போயிற்று என்று சொல்லவும் தெரியாது. ஒருவேளை உலர் வலயத்து ஊர்களில் இன்று பரவியுள்ள மென்சவ்வு இயந்திரத்தைச் சொல்வார்கள். அது நல்லது கெட்டது பாராமல் எல்லா அயன்களையும் வடிகட்டி, மிஞ்சிய கடுப்பு நீரை நிலத்திலேயே ஊற்றிவிடுகிறது. தெளிந்த நீருக்கு விலையும் வைக்கப்படுகிறது.

இனி எழுவான்கரைக்குத் திரும்புவோம். கல்லடிக் கிணற்றில் சேர்ந்த உப்பை எந்தக் கூண்டு மூலக்கூறும் அகற்றியிராது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். உப்பு தொன் கணக்கு. கூண்டு மில்லிகிராம் கணக்கு. அங்கு மழையே மருந்து. ஆனால் மழை எடுத்துச் செல்வதற்கு மாறாக, மழையே கிணற்றுக்குள் கொண்டு சேர்க்கும் அன்னயன் ஒன்றுண்டு. அது நைத்திரேற்று.

களுவாஞ்சிக்குடி, களுதாவளைப் பக்கத்து மணலில் வெங்காயமும் மிளகாயும் வெற்றிலையும் விளைவிப்போர் எத்துணை உழைப்பாளிகள் என்பதைப் பார்த்தவரே அறிவர். மணல் ஊட்டத்தைத் தாங்காது. ஆகவே உரம் மீண்டும் மீண்டும் இட வேண்டும். யூரியாவை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியமாக்கி, பின் நைத்திரேற்றாக்குகின்றன. அமோனியம் நேர் ஏற்றம் கொண்டது; களித்துகள்கள் மறை ஏற்றம் கொண்டவை; ஆகவே களிமண் அமோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைத்திரேற்றும் மறை ஏற்றம். மண் அதனைத் தள்ளிவிடுகிறது. எழுவான்கரையிலோ களிமண்ணே அரிது. பெய்யும் மழையோடு நைத்திரேற்று நேரே அந்த மெல்லிய நன்னீர் வில்லைக்குள் இறங்குகிறது. உரத்தோடு இன்னொன்றும் இறங்குகிறது. காத்தான்குடி போன்ற நெருங்கிய குடியிருப்புகளில் சிறு வளவுக்குள்ளேயே கிணறும் மலகூடக் குழியும் அமைய வேண்டியிருக்கிறது. காணியின் பங்கீடு இது, மணலின் பிழையன்று.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பெரியவரின் உடல் ஓரளவு தாங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க அந்நீரைப் பயன்படுத்தினால், நைத்திரேற்று வயிற்றில் நைத்திரைற்றாக மாறி, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக்கிவிடும். குழந்தை நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பண்ணைக் கிணறுகளில் இதனை 1945இல் ஹன்டர் கொம்லி என்னும் மருத்துவர் முதலில் கண்டார். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது இன்றைய எல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நாம் மாணவருக்கு இடைவிடாது போதிக்கிறோம். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றையும் புளோரைட்டையும் கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகும். அவை எஞ்சி நின்று இன்னும் செறிவாகும். இதனைச் சொல்லித் தராமல் கொதிக்கவைக்கச் சொல்வது பாதி விஞ்ஞானம்.

உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவிற் சுத்திகரித்துக் குழாய்வழியே கொண்டுவரும் திட்டம் பலருக்கு இத்தொல்லையை நீக்கியுள்ளது. குழாய் எட்டாத வீடும் உண்டு. குழாய் வந்தும் கட்டணத்துக்கு அஞ்சிக் கிணற்றை விடாத வீடும் உண்டு. உரத்தையே நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்போருக்கு 2021ஆம் ஆண்டின் பாடம் போதும். அவ்வாண்டு மே மாதம் ஒரே ஆணையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இடையில் நட்டமடைந்தது படுவான்கரை வயலில் நின்ற உழவன். 1962இல் மானியம் கொடுத்து யூரியாவைப் பழக்கியதும் கொழும்பு. ஓரிரவில் அதனைப் பறித்ததும் கொழும்பு. மண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

இரசாயனருடன் நமக்குள்ள வழக்கு இதுவே. அன்னயன் ஏற்பி மூலக்கூறுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். முதற் பந்தியில் நைத்திரேற்று மாசும் நீலக் குழந்தையும் புளோரைட்டால் வளைந்த முதுகும் மிகப் பெரும்பாலும் இடம்பெறும். இரண்டாம் பந்தியில் அவர்கள் மறைந்துவிடுகிறார்கள். அளவீடு நடப்பது நீர் அகற்றிய அசற்றோநைத்திரைலில், அல்லது டைமெதைல் சல்பொட்சைட்டில். நீர் புகுந்தால் பிடி தளர்ந்துவிடும் என்பதால் நீரை வெளியே நிறுத்திவைத்து அளக்கிறார்கள். குடிநீரைப் பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரையில் குடிநீர் ஒரு துளிகூட இல்லை!

இதனை நாம் நயவஞ்சகம் என்று சொல்லமாட்டோம். தெளிந்த கரைப்பானில் ஒவ்வோர் இழையாகப் பிரித்து அறியாமல் நீரின் சிக்கலுக்குள் இறங்க முடியாது. பேயரின் பளிங்குக்கு ஒரு பயனும் கேளாமல் அதனை எழுதி வைத்ததால்தான் 110 ஆண்டுகளுக்குப் பின் அது பயன்பட்டது. உடனடிப் பயன் ஒன்றையே கேட்கும் அரசும் விஞ்ஞானத்துக்கு எதிரியே. ஆனால் கிணற்றடியின் கேள்வி தாழ்ந்த கேள்வி என்ற எண்ணம் எங்கோ புகுந்துவிட்டது. எழுவான்கரைக் கிணறு கேட்பது என்ன? நீருக்குள்ளேயே நிற்க வேண்டும். பல மடங்கு குளோரைட்டும் சல்பேற்றும் சூழ்ந்திருக்க, அவற்றை விட்டு நைத்திரேற்றை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்ததை மலிவாக இறக்கிவிட்டு மீண்டும் வேலைக்கு வரவேண்டும். விலை ஒரு குடத்துக்குச் சில சதத்தைத் தாண்டக்கூடாது. இதனினும் கடினமான வினா எந்தப் பெரிய ஆய்வுகூடத்தின் கரும்பலகையிலும் இல்லை.

அது முற்றிலும் முடியாததும் அன்று. 1980களில் கலிபோர்னியாவின் மக்ஃபார்லண்டு என்னும் விவசாய ஊரின் கிணறுகளுக்காக ஜெரால்ட் கட்டர் ஒரு பிசின் மணியைப் பண்படுத்தினார். சாதாரணப் பிசின்கள் சல்பேற்றையே முதலில் பற்றும்; பற்றி நிறைந்ததும் நைத்திரேற்றை வெளியே தள்ளிவிடும். கட்டர், பிசினிலுள்ள நைதரசனைச் சுற்றிப் பருத்த காபன் கைகளை வைத்தார். அடுத்தடுத்த நேர் ஏற்றங்கள் விலகி நின்றன. இரட்டை ஏற்றம் கொண்ட சல்பேற்றுக்கு இரண்டையும் ஒருங்கே எட்ட முடியவில்லை. நீரை இறுகப் பற்றும் அதற்கு அவ்வெண்ணெய்ச் சூழலும் ஒவ்வவில்லை. ஒற்றை ஏற்றமும் நீர்ப்பற்றுக் குறைவும் கொண்ட நைத்திரேற்று எளிதில் வந்து அமர்ந்தது. வெறும் உப்புக் கரைசலால் அதனைக் கழுவி இறக்கலாம். நேர்த்தியான கூண்டு ஏதுமில்லை. நோபல் பரிசும் இல்லை. ஓர் ஊரின் கிணற்றிலிருந்து புறப்பட்ட கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. கழுவிய உப்புநீரை எங்கே ஊற்றுவது என்பது அடுத்த கேள்வி. கடலும் வாவியும் அருகிருக்கும் எழுவான்கரையில் அது மீனவரையும் கேட்டுத் தீர்க்க வேண்டியது.

மட்டக்களப்பில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. பாடசாலை ஆய்வுகூடங்கள் அதனினும் பழையவை. அவற்றில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு பரிசோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். கிணற்று நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட்டால் தயிர் போன்ற வெண்மை திரளும். வெள்ளி குளோரைட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. வெள்ளியைச் சுமந்துவந்த நைத்திரேற்று ஒன்றும் நடவாதது போல் நீரில் தங்கிவிடுகிறது. நைத்திரேற்றுக்கள் யாவும் நீரிற் கரையும் என்று மாணவர் கொப்பியில் எழுதிக்கொள்கின்றனர். மணி அடிக்கிறது, சோதனைக் குழாய்கள் கழுவப்படுகின்றன, அவற்றைக் கழுவும் நீர் வளவுக் கிணற்றிலிருந்து வருகிறது.